ஆட்டுக் கொட்டகை மேல் ஒரு முனைவர்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வாட்ஸப்பில் வந்தது. நம் பக்கத்துப் பத்திரிகைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்; படிப்பு மட்டும் தானாக வந்து கண்ணில் குத்தும். டிப்ளமோ முடித்தவர், பி.இ.யில் பாதியை அரியர் வைத்திருப்பவர், கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு ஒரு கோடை முழுக்கப் போய் வந்தவர் என்று எல்லார் பெயருக்குப் பின்னாலும் புள்ளி வைத்த எழுத்துகள் வால் மாதிரி நீளும். வரவேற்கும் உறவினர்களில் என் பெயரைத் தேடினேன். 'திருமதி குளோரி டேனியல், எம்.ஏ., எம்.ஃபில்., இங்கிலாந்து' என்று இருந்தது. அதோடு முடிந்துவிட்டது.

நான் ஆங்கில இலக்கியத்தில் முனைவர். போன வருஷம் இதே மாதம்தான் பட்டம் வாங்கினேன். அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் கூடப்பிறந்த தம்பி சாமுவேலைக் கூப்பிட்டேன்.

"விட்டுப்போவலக்கா. பிஎச்.டி.ன்னு அச்சடிச்சிதான் குட்த்தான். அப்பாதான் எடுக்க சொல்ச்சி" என்றான்.

அந்தப் பட்டத்துக்காக என்னைவிட அதிகம் குதித்தவர் அப்பா. அவரே எடுக்கச் சொன்னார் என்றதும் எனக்குத் தாங்கவில்லை. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். இங்கே இதைக் கேட்க ஆள் இல்லை.

2

எனக்குப் படாளம். ஜி.எஸ்.டி. சாலையில் மதுராந்தகம் பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் தாண்டிப் போய்விடும். என் தாத்தா காலம் வரைக்கும் எங்கள் ஆட்கள் அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் களத்தில் அடித்து, கூலி நெல்லோடு வீடு திரும்பியவர்கள். அப்பாவுக்குச் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. பியூன் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். அந்தச் சம்பளத்தில் நான் ஆங்கிலம் எம்.ஏ. படித்தேன்.

பிறகு பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுத்தேன். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனைக்கூட எழுப்பிக் கதை கேட்க வைத்துவிடுவேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஒரு கோடை விடுமுறையில் முனைவர் பட்டம் இல்லாதவர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்தினார்கள். "முடிச்சிட்டு வாங்க மேடம், உங்க இடம் எங்கயும் போகாது" என்றார் துறைத் தலைவர். நான் நம்பினேன். என் கணவர் டேனியல் ஆண் செவிலியர். அதே சமயத்தில் அவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. சில வருஷம் இருந்துவிட்டுப் பட்டத்தோடு திரும்புவோம் என்று சொல்லிக்கொண்டு, மகள் ரூத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினோம்.

வந்து சேர்ந்த ஊர் இந்த நாட்டின் நட்டநடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, உட்கார வைப்பது. முதல் வாரத்தில் ஒரு தாத்தா இறந்து போனார். மேலாளரிடம் போய் நம் ஊரில் சொல்வது போலவே, "ஹி எக்ஸ்பயர்டு" என்றேன். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இங்கே அந்த வார்த்தையைப் பால் பாக்கெட்டுக்குத்தான் சொல்லுவோம் என்றார். எம்.ஏ.வில் நான் தங்கப் பதக்கம். சட்டையில் குத்திய அட்டையில் 'குளோரி' என்று மட்டும் இருந்தது.

3

பகல் முழுக்க வேலை இருப்பவர்களுக்கு இணைய வழியில் முனைவர் பட்டம் தருகிற ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். ஆங்கில இலக்கியம் ஆராய வந்தவளிடம் அவர்கள் முதலில் கேட்டது, எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதற்கு அத்தாட்சி. எம்.ஏ. சான்றிதழ் போதாதாம். பணம் கட்டி, கைரேகை வைத்து, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ரயில் நிலையத்துக்கு வழி கேட்கும் உரையாடலைக் காதில் வாங்கி விடை எழுதினேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே எழுதிய பையன் நேற்றுதான் ஊரிலிருந்து வந்திருந்தான்.

என் தலைப்பு நம் கடற்கரைதான். மாமல்லபுரத்துக் கல் கோயில்களைப் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பயணிகள் எழுதி வைத்த புத்தகங்கள். பாறையைப் பற்றிப் பக்கம் பக்கமாக உருகுவார்கள். அவர்களைப் பல்லக்கில் தூக்கி வந்தவர்கள், படகைத் தள்ளியவர்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தவர்கள் ஒருவருக்கும் பெயர் இருக்காது. 'கூட்டம்', 'இரைச்சல்', 'கூலிகள்' என்று ஓரத்தில் வந்து போவார்கள். அந்த ஓரத்தில் நின்றவர்களைப் பற்றித்தான் நான் எழுதினேன். யார் பிள்ளை எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

நெறியாளரை நேரில் பார்த்ததே கிடையாது. கணினித் திரையில் ஒரு சதுரத்துக்குள் ஒரு நல்ல மனிதர், அவருக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரி, சில நாள் ஒரு பூனை. நூலகத்துக்குள் நுழையும் கடவுச்சொல் மாதாமாதம் காலாவதியாகும். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் அறையில் நின்றுகொண்டு, இயந்திரம் சுற்றி முடிப்பதற்குள் போனில் ஒரு பத்தி எழுதிவிடுவேன். என் ஆய்வேட்டில் பாதி அந்தச் சோப்பு வாசனையில் எழுதியது.

ரூத் இதற்குள் வளர்ந்துவிட்டாள். தமிழ் புரியும், வாயில் வராது. நான் நெறியாளரிடம் பேசினால் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள், என் உச்சரிப்பு அவளுக்கு அவமானம். ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டாள். "இதை எத்தனை பேர் படிப்பாங்க?"

"ரெண்டு பேர். அவங்களுக்கும் சம்பளம் குடுத்துதான் படிக்க வைப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. "நீ முடிச்சிட்டா நாம இந்தியாவுக்குப் போயிடணுமா?" என்றாள்.

"போவோம்" என்றேன். அவள் மேலே போய்விட்டாள்.

4

அப்பாவின் உத்தியோகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரியில் யார் முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு கொடுத்தாலும் அப்பாவுக்குத்தான் வேலை. நம் ஊரில் வைவா என்றால் அறிவிப்புப் பலகையில் போட்டு ஊரைக் கூப்பிட்டு நடத்துவது. மாணவரின் மாமனார், மைத்துனர், பட்டுப் புடவையில் அத்தை எல்லாரும் முன்வரிசையில் இருப்பார்கள். அப்பா நாற்காலி போடுவார், கேசரியும் போண்டாவும் தட்டில் வைப்பார், சால்வைகளை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுப்பார். கூட்டம் குறைவாக இருந்தால் துறைத் தலைவர் கண்ணைக் காட்டுவார். உடனே அப்பா வராந்தாவுக்குப் போய், சும்மா நிற்கும் மாணவர்களை ஓட்டிக்கொண்டு வந்து காலி நாற்காலியில் உட்கார வைப்பார். நாற்காலி நிறைந்தால்தான் வைவா சிறப்பு. கடைசியில் புறத்தேர்வாளர் எழுந்து பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றதும் முதல் கைதட்டலை ஆரம்பித்து வைப்பதும் அப்பாதான். ஓய்வு பெறும் வரைக்கும் அப்படி எத்தனையோ பேரை டாக்டராக்கி அனுப்பினார்.

இங்கே வைவா என்பது மூடிய அறை. தேர்வாளர் இருவர், நடத்துவதற்கு ஒரு தலைவர், அவ்வளவுதான். எனக்கு அந்த அறையும் இல்லை, மடிக்கணினிதான். தேதி வந்ததும் பல்கலைக்கழகம் அனுப்பிய மின்னஞ்சலை அப்படியே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, 'எல்லாரும் ஜெபம் பண்ணுங்க' என்று எழுதினேன். அதன் அடியில் கூட்டத்துக்கான இணைப்பு இருந்ததை நான் யோசிக்கவே இல்லை. நம்மவர்கள் ஜெபத்துக்கு எதையும் முழுசாகத்தான் அனுப்புவோம்.

அப்பா அதை அழைப்பிதழாகவே எடுத்துக்கொண்டார். படாளத்தில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலைச் சொல்லி வைத்தார். சாமுவேல் ப்ரொஜெக்டர் கட்டினான். தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி, வேனில் ஆள் ஏற்றி, கேசரி கிண்டச் சொல்லி, சால்வை வாங்கி, நாற்காலி அத்தனையையும் நிறைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திடீரென்று காட்டி என்னை மலைக்க வைக்க வேண்டுமாம்.

வைவா நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. நடுவில் வெளித் தேர்வாளரின் இணைப்பு அறுந்து, அவர் மறுபடி கதவு தட்டினார். நடத்திய அம்மாள் காத்திருந்த எல்லாரையும் உள்ளே விடும் பொத்தானை அழுத்திவிட்டார். தேர்வாளர் கேள்வியைத் தொடர்ந்தார். "இந்தப் புத்தகங்களில் ஓரத்தில் நிற்கும் இந்த மக்கள் நம்மிடம் பேச வந்தால் என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?"

நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள், "அல்லோ... குளோரி... கேக்குதா?" என்றது கணினி.

திரையில் புதிதாக ஒரு சதுரம். அதற்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எங்கள் தெரு முழுவதும் உட்கார்ந்திருந்தது. முன்னால் வெள்ளைச் சட்டையில் அப்பா, தோளில் மடித்த சால்வை.

நடத்திய அம்மாள், "இவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களா?" என்று கேட்டார்.

"அவர் என் அப்பா. மற்றவர்கள் என் ஊர்" என்றேன்.

அந்த அம்மாள் புன்னகைத்தார். மிகவும் அழகாக இருக்கிறது, ஆனால் விதிமுறைப்படி இவர்கள் இருக்கக் கூடாது, நீங்களே சொல்லிவிடுகிறீர்களா என்றார். மரியாதைக்குக் குறைவே இல்லை. இந்த நாட்டில் மரியாதையாகத்தான் வெளியே அனுப்புவார்கள்.

"அப்பா, லைனைக் கட் பண்ணிடுப்பா. இங்க வெளியாள் இருக்கக் கூடாது" என்றேன்.

"வெளியாளா? யாரு வெளியாளு? இரு, இன்னும் ஒரு வேனு வந்துகினு கீது. சால்வைய யாரு பேர்ல போடறது, அத்த மட்டும் கேட்டு சொல்லு" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சதுரம் போய்விட்டது. அந்த அம்மாள் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். தேர்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்டார். அந்த மக்கள் பேசினால் என்ன பேசுவார்கள்? நான் மேற்கோள்களோடு நல்ல பதிலாகச் சொன்னேன். சிறு திருத்தங்களோடு தேர்ச்சி என்றார்கள். கேமராவை அணைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அன்று மாலையே சாமுவேல் படம் அனுப்பினான். ஜி.எஸ்.டி. சாலையோரம் ஆள் உயர ஃப்ளெக்ஸ். கறுப்பு அங்கியில் என் முகம், 'எங்கள் மண்ணின் மகள் டாக்டர் குளோரி, எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி., லண்டன்.' நான் லண்டனில் விமானம் இறங்கியதோடு சரி. அங்கியும் என்னுடையதல்ல, ஸ்டூடியோவில் ஒட்டியது.

5

சான்றிதழ் வந்ததும் ஊருக்குப் போனேன். பொத்தேரிக் கல்லூரியில் என் இடம் எங்கும் போகாது என்றவர் தானே எங்கோ போய்விட்டிருந்தார். புதிதாக ஒரு நிர்வாக அலுவலர். தன்மையானவர். அப்பா கூடவே வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, கஞ்சி போட்ட சட்டையில் வந்து, பழைய பழக்கத்தில் அறைக்குள் வராமல் வாசல் ஓரமாக நின்றுகொண்டார்.

அலுவலர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெகுலரா மேடம், ஆன்லைனா?"

"ஆன்லைன். ஆனா முழு ஆராய்ச்சிதான் சார்."

"நான் இல்லைனு சொல்லல மேடம். ஆன்லைன்ல வாங்கின பிஎச்.டி. டீச்சிங் போஸ்ட்டுக்கு இங்க செல்லாது. இன்ஸ்பெக்ஷன்ல எங்களைத்தான் கேப்பாங்க." பிறகு ஏதோ ஒரு வழி தேடுகிறவர் போலக் கேட்டார். "பப்ளிக் வைவாவாவது நடந்துச்சா?"

வாசலில் இருந்து அப்பா உள்ளே வந்துவிட்டார்.

"நடந்துது சார். பப்ளிக் வைவாதான். நானே இருந்து நடத்தினேன். ஹாலு ஃபுல்லு. போட்டா கீது, பாருங்க" என்று போனை நீட்டினார்.

ஹாலின் ஓரத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் தெருக்காரர்கள் முகமெல்லாம் பல்லாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா முன்னால் நின்று கையைத் தூக்கியிருந்தார். அவர்கள் தட்டியது ஒரு கறுப்புத் திரையைப் பார்த்து. திரையின் நடுவில் ஆங்கிலத்தில் ஒரே வரி. இந்தக் கூட்டத்திலிருந்து நீங்கள் நீக்கப்பட்டீர்கள்.

அலுவலர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். படித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "நல்ல கூட்டம்யா" என்றார். பிறகு என் சான்றிதழையும் கொடுத்துவிட்டார்.

6

வெளியே வந்ததும் அப்பா வீட்டுக்குப் போக மனசில்லாமல், "கடலுக்குப் போலாம் வா" என்றார். செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம். இத்தனை பக்கம் எழுதினேனே, அந்தக் கோயிலை அதற்கு முன்னால் நான் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவையும், என் மாணவர்களைக் கூட்டிப்போய் ஒரு தடவையும்தான். வெள்ளைக்காரர்கள் நாலு பேருக்கு ஒரு கைடு மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் கதை அளந்துகொண்டிருந்தான்.

அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவன் எந்த ஊர்ல வைவா குட்த்தான்?" என்றார். அன்று முழுக்க நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

மணலில் உட்கார்ந்தோம். "அந்த சாரு நல்ல மன்சன். படிச்சிட்டும் ஒண்ணும் சொல்லல பாரு" என்றார் அப்பா.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அதுல இன்னா எழுதியிருந்துதுன்னு உனக்குத் தெரியுமாப்பா?"

"சாமு அன்னிக்கே சொல்ட்டான். நம்மள வெளிய தள்ளிட்டாங்கப்பான்னான்."

"அப்புறம் எதுக்குக் கைதட்டச் சொன்ன?"

"இன்னா பண்ண சொல்ற? வேல வெட்டிய வுட்டுட்டு வந்து உக்காந்துகினு கீறாங்க. கேசரி ஆறிகினு கீது. நம்மள தொரத்திட்டாங்க, எழுந்து வூட்டுக்குப் போங்கன்னா சொல்லச் சொல்ற? குளோரி பாஸு, கைதட்டுங்கன்னேன். தட்டுனாங்க." மணலைக் கையில் அள்ளிக் கொட்டினார். "நானு எத்தினி வைவா பாத்துருப்பேன். ஒருத்தரயும் வெளிய போன்னு சொன்னதில்ல. உள்ளதான் இஸ்துகினு வருவோம்."

தேர்வாளர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன அந்த நல்ல பதில் நினைவுக்கு வந்து, என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்து டேனியலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ரூத், "அப்போ நாம போகலையா? இங்கேயே இருக்கோமா?" என்றாள்.

"ஆமா."

ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு எவ்வளவு காலமாகிறது என்று எனக்கே ஞாபகம் இல்லை. என் தோல்வியை இந்த வீட்டில் கொண்டாட ஒரு ஆளாவது இருந்தாள். மறுநாள் 'குளோரி' அட்டையைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

7

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை பற்றிச் சாமுவேலிடம் பேசிய பிறகு அப்பாவைக் காணொளியில் கூப்பிட்டேன். அம்மா இறந்த பிறகு அவருக்குத் துணை நாலைந்து ஆடுகள்தான். கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். அங்கே மழை ஓய்ந்து மரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"பத்திரிகைல ஏம்பா எடுத்த?" என்றேன்.

"செல்லாதுன்னு அந்த காலேஜ் சாரு சொன்னது ஊர்ல பரவிப்போச்சி. மண்டபத்துல எவனா பத்திரிகைய வெச்சிகினு நக்கல் பண்ணுவான். உன்ன பண்ணா நானு சும்மா இருக்க மாட்டேன். கல்யாணத்துல எதுக்கு சண்ட?"

"சரிப்பா" என்றேன்.

"கோவமா?"

"இல்லப்பா."

அவர் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்த எதையாவது காட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, போனைத் திருப்பினார். ஆட்டுக் கொட்டகை தெரிந்தது. கூரை மேல் அந்தச் சாலையோர ஃப்ளெக்ஸை விரித்து, நாலு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். என் முகம் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. 'லண்டன்' என்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அடியில் ஆடுகள் நனையாமல் நின்று தழையைக் கடித்துக்கொண்டிருந்தன.

"பாத்தியா? நல்ல கெட்டி பேனரு" என்றார் அப்பா. "இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ள எறங்கல. வீணாப் போவல குளோரி."